குருதி அறிக்கை எவ்வளவு சொல்லும்?

டெங்குக் காலம் வந்துவிட்டால் கண்டியில் எஃப்.பீ.சீ. அறிக்கையை வாசிக்கத் தெரியாத உம்மா ஒருவரும் இருக்கமாட்டார். பிளேட்லட் நேற்று எத்தனை, இன்று எத்தனை என்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணை வரை தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்கள். அதே தாளில் நியூட்ரோபில், லிம்போசைட் என்று இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. நம் பாடநூல் இவற்றை நடுநிலைநாடி, நிணநீர்க்குழியம் என்கிறது. சுவாசப்பைப் புற்றுநோய்க்காக நிர்ப்பீடனச் சிகிச்சை பெறப்போகும் ஒருவருக்கு இந்த இரண்டு வரிகளும், குருதியிலிருந்து எடுக்கப்படும் வேறு சில அளவுகளும் என்ன சொல்லும், எதைச் சொல்லமாட்டா என்பதைப் பார்ப்போம்.

இது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. இலவச வைத்தியம் உள்ள நம் நாட்டிலும் இம்மருந்துகளை எல்லோருக்கும் எப்போதும் வழங்க முடிவதில்லை. வெளியே வாங்கினால் ஒரு தவணைக்கே பல இலட்சம் ரூபா போகும். மூன்று வாரத்துக்கு ஒரு தவணை என்று மாதக்கணக்கில் தொடர வேண்டும். வளவை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்று ஒரு குடும்பம் கூடிப் பேசும்போது அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “இந்த மருந்து வாப்பாவுக்குப் பிடிக்குமா?”

முதலில் மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். நமது ரீ கலங்கள் கெட்டுப்போன கலங்களைத் தேடி அழிப்பவை. அவை கட்டுமீறிப் போனால் சொந்த உடலையே தாக்கும். ஆகவே கடுகண்ணாவை இறக்கத்தில் பஸ்ஸுக்குப் பிரேக் வேண்டியிருப்பதுபோல அவற்றுக்கும் பிரேக் உண்டு. அதில் ஒன்றான பீ.டீ.-1 என்னும் புரதத்தை ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹொன்ஜோவின் குழு 1992இல் கண்டறிந்தது. புற்றுநோய்க் கலம் தன் மேற்பரப்பில் பீ.டீ.எல்.-1 என்ற புரதத்தைக் காட்டி அந்தப் பிரேக்கை அழுத்திவிடுகிறது. அழுத்தும் காலை விலக்கிவிடும் பிறபொருளெதிரிகளே நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள். வேறொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

2012இல் சூசன் டொபாலியன் என்ற பெண் வைத்தியர் தலைமையில் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து பெற்ற 76 சுவாசப்பைப் புற்றுநோயாளரில் 14 பேருக்குக் கட்டி நன்கு சுருங்கியது. அந்நோய் நிர்ப்பீடனத்துக்குப் பணியாது என்று நம்பியிருந்த உலகுக்கு இது வியப்பு. ஆனால் மற்ற 62 பேர்? அன்று தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. கட்டியிலிருந்து எடுத்த இழையத்தில் பீ.டீ.எல்.-1 எவ்வளவு உள்ளது என்று பார்ப்பது முதல் வழியாயிற்று. 2015இல் வெளியான பெம்ப்ரோலிசுமாப் ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட கலங்களில் அப்புரதம் இருந்தவர்களுள் 45 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. ஆக, ‘கூடுதல்’ என்று அறிக்கை வந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கவில்லை. அந்த இழையத்தை எடுக்க மார்பினூடாக ஊசி செலுத்த வேண்டும். மூச்சு வாங்கும் முதியவருக்கு அது சிறிய காரியமல்ல. அதனால்தான் ஆய்வாளரின் கண் குருதியின் மேல் விழுந்தது.

இருதயத்தின் வலப் பக்கத்துக் குருதி சுவாசப்பையினூடாகச் சென்றே இடப் பக்கத்தை அடைகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் டமஸ்கஸில் கற்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அந்நபீஸ். நம் உடலின் குருதி முழுவதும் சுவாசப்பையைத் தொட்டுத்தான் திரும்புகிறது. அங்குள்ள கட்டியில் கலங்கள் இறக்கும்போது அவற்றின் டீ.என்.ஏ. துணுக்குகள் குருதியில் கலக்கின்றன. குருதியில் இப்படி டீ.என்.ஏ. மிதக்கிறது என்பது 1948இலேயே பிரான்சில் கண்டறியப்பட்டது. அதைப் பிரித்து வாசிக்கும் கருவிகள் வருவதற்குத்தான் பல பத்தாண்டுகள் பிடித்தன.

மீண்டும் நம் எஃப்.பீ.சீ. தாளுக்கு வருவோம். 2018இல் பிரான்சின் குஸ்தாவ் ரூசி நிறுவனத்தில் லோரா மெஸ்கீட்டா என்ற வைத்தியரும் குழுவினரும் ஒரு எளிய கணக்கைச் செய்தனர். நடுநிலைநாடிகளின் எண்ணிக்கையை, மொத்த வெண்குழியங்களிலிருந்து நடுநிலைநாடிகளைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வெண்குழியம் 9,000, நடுநிலைநாடி 6,000 என்றால் 6,000ஐ 3,000ஆல் வகுக்க 2 வரும். 12,000இல் 9,600 என்றால் விடை 4. மூன்றுக்கு மேல் வந்தால் ஒரு குறை. எல்.டீ.எச். என்னும் நொதியம் குருதியில் வழமையை விடக் கூடியிருந்தால் இன்னொரு குறை. நிர்ப்பீடனச் சிகிச்சை பெற்ற 161 பேரை முதலில் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, எக்குறையும் இல்லாதோரின் வாழ்நாள் இடையம் 34 மாதங்கள்; ஒரு குறை உள்ளோருக்கு 10; இரண்டும் உள்ளோருக்கு 3.

இவ்வளவு மலிவான பரிசோதனை இத்தனை தெளிவாகப் பிரிக்கிறதே, இனி இதை வைத்தே மருந்தைத் தீர்மானிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் நிதானம் தேவை. உயர்தர மாணவிகளுக்குப் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். சாதாரண தரத்தில் ஒன்பது ‘ஏ’ எடுத்த பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் டியூஷன் வகுப்பு ஒன்று நல்ல பெறுபேறு காட்டுகிறது. அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்புக்குப் போயிருந்தாலும் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். அவர்களது ‘ஏ’ பிள்ளையைப் பற்றிச் சொல்கிறது, ஆசிரியரைப் பற்றிச் சொல்லவில்லை. அதுபோலவே இந்தக் குருதிக் கணக்கும். 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்கள் பல பரிசோதனைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குறை இல்லாதவர்கள் வேறு சிகிச்சைகளிலும் நீண்டகாலம் வாழ்ந்திருந்தனர். நோயாளி எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதை அக்கணக்கு சொல்கிறது. எந்த மருந்து அவருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றென மயங்குவதால் சிலர் வீணாக நம்புகிறார்கள்; சிலர் வீணாகக் கைவிடப்படுகிறார்கள். இரண்டாவது எனக்கு அதிகம் கவலை தருகிறது.

அடுத்தது குருதியில் மிதக்கும் டீ.என்.ஏ.யில் உள்ள விகாரங்களை எண்ணுவது. விகாரம் அதிகமானால் அந்தக் கலம் ரீ கலத்துக்கு அந்நியமாகத் தெரியும், மருந்தும் பலிக்கும் என்பது எதிர்பார்ப்பு. அடெசோலிசுமாப் என்ற மருந்தின் பழைய பரிசோதனைகளில் சேமித்துவைத்த குருதியை ஆராய்ந்து, 16 என்ற எல்லைக்கு மேல் விகாரம் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல் என்று 2018இல் எழுதினார்கள். பிறகு அதே எல்லையை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் புதிய நோயாளரைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவு, எதிர்பார்த்த வேறுபாட்டை எட்டவில்லை. சோதனை முடிந்தபின் ‘இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்’ என்பது எளிது. மண்டபத்துக்குள் போகுமுன் சொல்வதுதான் கடினம். தோல்வியையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதை நான் மதிக்கிறேன்.

குருதி உறுதியாக உதவும் இடமும் ஒன்று உண்டு. ஈ.ஜீ.எஃப்.ஆர். என்ற பரம்பரையலகில் விகாரம் உள்ள சுவாசப்பைப் புற்றுநோய் ஆசிய நாட்டவரிடம், அதிலும் புகைக்காத பெண்களிடம், அதிகம். ‘அவ ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டதில்லையே’ என்று குடும்பத்தார் திகைப்பது இத்தகைய நோயில்தான். இவர்களுக்கு நிர்ப்பீடனச் சிகிச்சையால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. அவர்களுக்கென்றே ஒசிமெர்டினிப் போன்ற குளிசைகள் உள்ளன. இவ்விகாரத்தைக் குருதியில் தேடும் பரிசோதனைக்கு 2016இல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. குருதியில் காணப்பட்டால் முடிவை நம்பலாம். காணப்படாவிட்டால் இல்லையென்று ஆகிவிடாது. இழையத்திலும் பார்க்க வேண்டும். வரிசையும் முக்கியம். நிர்ப்பீடன மருந்தை அவசரப்பட்டு ஏற்றிவிட்டு உடனே ஒசிமெர்டினிப்புக்கு மாறியவர்களுள் சிலருக்குச் சுவாசப்பையில் கடும் அழற்சி ஏற்பட்டிருக்கிறது. ஆகவே முதல் தவணைக்கு முன்பே “ஈ.ஜீ.எஃப்.ஆர். பார்த்தாயிற்றா, டொக்டர்?” என்று கேட்பதில் தவறில்லை.

மருந்து தொடங்கியபின் பார்க்கும் முறையும் வளர்ந்து வருகிறது. கட்டியின் டீ.என்.ஏ. குருதியில் சில மணித்தியாலங்களுக்கு மேல் தங்குவதில்லை. ஆகவே அது குறைந்துகொண்டு போனால் கட்டியும் தளர்கிறது என்று பொருள். பெம்ப்ரோலிசுமாப் பெற்ற 50 பேரில் இதை அளந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியாயிற்று. பெரும்பாலோரில் குருதி சொன்னதும் ஸ்கேன் சொன்னதும் ஒத்துப்போயின. நம்மைப் போன்ற நாட்டுக்கு இது பெரிய விடயம் என்பேன். முன்கூட்டி அறிய முடியாவிட்டாலும், பலிக்காத மருந்தை மூன்றாம் தவணையோடு நிறுத்த முடிந்தால் ஒரு வளவு மிஞ்சும்.

யாருக்குப் பலிக்கும் என்று தெரியாதபோது செலவையே குறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. மும்பை டாட்டா மெமோரியல் வைத்தியசாலையினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. அங்கு நிவோலுமாப்பை வழமையான 240 மில்லிகிராமுக்குப் பதிலாக 20 மில்லிகிராம் மட்டும், விலை குறைந்த குளிசைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டின் பின் உயிரோடிருந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தனர். வாய்ப் புற்றுநோய் ஆண்களிடையே முதலிடம் வகிக்கும் இலங்கைக்கு இது அந்நியச் செய்தியல்ல. சுவாசப்பைக்கும் அப்படியே பொருந்தும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

இதை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள பழைய எஃப்.பீ.சீ. தாளை எடுத்துக் கணக்குப் போடும் மாணவிகள் இருப்பீர்கள். போடுங்கள், வகுத்தல் பிழைக்காது. ஆனால் காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று எதுவானாலும் நடுநிலைநாடி ஏறும். மூச்சிழுப்புக்குப் பிரெட்னிசொலோன் குடிப்பவருக்கும் ஏறும். ஆகவே ஒரு நாளைய எண்ணை வைத்து வீட்டில் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவேண்டாம். அந்தத் தாளைத் திகதி வரிசைப்படி கோவையில் போட்டு, கண்டி வைத்தியசாலையின் புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போகும்போது வாப்பாவின் கையில் கொடுத்துவிடுங்கள். முன்னைய எண்கள் வைத்தியருக்குத் தேவைப்படும்.