கார் இல்லாமல் சென்னைக்கு ஒரு போட்டோ பயணம்: கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

என் அப்பா 1970களில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். இப்போது அவரால் செவ்வாய்ப்பேட்டை கடைவீதியைத் தாண்டிப் போக முடிவதில்லை. "காலேஜ் முகப்பை மட்டும் ஒரு படம் எடுத்துட்டு வாப்பா" என்றார். முதல் முறை திட்டமே இல்லாமல் போனேன். மாலை ஐந்து மணிக்கு எடுத்த படத்தில் வானம் வெளுத்து, கட்டடம் கருத்துப் போயிருந்தது. அப்பா மானிட்டரில் பார்த்துவிட்டு, "மணிக்கூண்டே தெரியலையே" என்றார். இரண்டாம் முறை, வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திட்டமிட்டேன். அந்த வழிகளை இங்கு பார்க்கலாம்.

1. வெளிச்சம் எந்தப் பக்கம்?

கூகுள் மேப்ஸ் தளத்தில் இடத்தின் பெயரை டைப் செய்து, சாட்டிலைட் காட்சிக்கு மாறவும். படத்தின் மேல்பக்கம் வடக்கு. காமராஜர் சாலையில் உள்ள செனட் ஹவுஸ், 1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரிக் கட்டடம், விவேகானந்தர் இல்லம் ஆகியவை கிழக்கே கடலைப் பார்த்து நிற்பது புரியும். எனவே காலை வெயில் முகப்பில் விழும். மாலையில் சூரியன் பின்னால் போய்விடும். நான் செய்த தவறு இதுதான். ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமில் ஊரையும் தேதியையும் தந்தால், சூரிய உதய நேரம் கிடைக்கும்.

2. ரயிலும் நடையும்

ஏற்காடு எக்ஸ்பிரசில் சேலம் ஜங்ஷனில் இரவு ஏறினால், பொழுது விடியும் முன் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது (2024 நவம்பருக்கு முன் இது 120 நாட்களாக இருந்தது). சென்ட்ரலுக்கு எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கவும். செனட் ஹவுசில் தொடங்கித் தெற்கே நடந்தால் மூன்று கட்டடங்களும் வரிசையாக வரும். பின்னர் கலங்கரை விளக்கம் நிலையத்தில் ஏறினால், இரண்டாவது நிறுத்தம் திருமயிலை. கபாலீஸ்வரர் கோயில் குளம் மேற்குப் பக்கம் இருப்பதால், அங்கு மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும்.

மேப்ஸில் டைரக்‌ஷன்ஸ் கிளிக் செய்து, பஸ் படத்தைத் தேர்ந்தெடுத்தால் ரயில், பஸ் வழிகள் காட்டப்படும். ஒவ்வொரு இடத்தையும் சேவ் செய்திடுங்கள். அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் மொபைலிலும் அவை தோன்றும். மொபைலில் சென்னைப் பகுதியை ஆப்லைன் மேப்பாக டவுன்லோட் செய்துவிட்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் வரைபடம் திறக்கும்.

3. எக்செல் பட்டியல்

நேரம், இடம், முகப்பின் திசை, இறங்கும் நிலையம், செலவு என ஐந்து நெடுவரிசைகள் போதும். டேட்டா மெனுவில் சார்ட் தந்து நேர வரிசையில் அமைக்கவும். திசை என்ற கட்டத்தில் கிழக்கு என்று இருந்து, நேரம் மாலை என்று இருந்தால் அந்த வரியை மாற்றுங்கள். செலவைக் கூட்ட, ஆட்டோசம் பட்டனை அழுத்தவும். ஒரு பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது உதவும்.

4. மெமரி கார்டு கணக்கு

என் கேமராவில் ஒரு ஜேபெக் படம் சுமார் 8 எம்பி. ரா பைல் சுமார் 25 எம்பி. 32 ஜிபி கார்டில் முன்னது ஏறத்தாழ 4,000, பின்னது 1,280 பிடிக்கும். விண்டோஸ் இதே கார்டை 29 ஜிபி என்று சொச்சமாகக் காட்டும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. வீடு திரும்பியதும் படங்களைக் கட் செய்யாமல் காப்பி செய்து, கம்ப்யூட்டரில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைக்கவும். இரண்டிலும் படங்கள் திறக்கின்றனவா எனப் பார்த்த பிறகே கார்டை பார்மட் செய்திடலாம்.

பயிற்சி: உங்கள் தெருவில் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முகப்பின் திசையை மேப்பில் கண்டறியுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

இரண்டாம் முறை எடுத்த படத்தை அப்பா முழுத் திரையில் நெடுநேரம் பார்த்தார். பிறகு மானிட்டரில் ஒரு ஜன்னலைத் தொட்டு, "இதுதான் எங்க வகுப்பு" என்றார்.