காலையில் நின்றுவிடும் எஞ்சின்

பகுபதத்தை உறுப்புறுப்பாகப் பிரிக்கும் பாடத்தை நம் கல்லூரியிற் படித்தோர் மறந்திரார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என உறுப்புகள் ஆறு. அவற்றுள் காலத்தைக் காட்டுவது இடைநிலை. 'செய்தான்' என்பதில் உள்ள 'த்' இறந்தகாலத்தையும், 'செய்கின்றான்' என்பதில் உள்ள 'கின்று' நிகழ்காலத்தையும், 'செய்வான்' என்பதில் உள்ள 'வ்' எதிர்காலத்தையும் உணர்த்தும்.

இலக்கணம் கற்பிக்கும் நாம் லொறியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர் வியத்தல் கூடும். பழைய பெற்றோல் லொறியொன்று குளிர்ந்த காலையில் இயங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுமாயின், அதன் குற்றத்தைக் காட்டுவதும் காலமே. 'எப்போது நின்றது?' என்று கேட்டறிந்தவனுக்கே 'எங்கே குற்றம்?' என்பது புலப்படும். இவ்வுண்மையை நாம் கற்றது வகுப்பறையிலன்று.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டது முதல் 2002ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, வவுனியாவுக்கு வடக்கே அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னிப் பகுதிகளுக்குப் பெற்றோலும் டீசலும் வருதல் தடைப்பட்டிருந்தது. கள்ளமாக வந்த பெற்றோல் மருந்துபோல அளந்து விற்கப்பட்டது. பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும், பெட்போட் லொறிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. நாம் அப்போது பள்ளி மாணவர். ஒரு மார்கழி விடியலில், மகப்பேற்று நோவுற்ற அயலவர் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல லொறியொன்று எங்கள் படலையடிக்கு வந்துநின்றது. நோயாளியை ஏற்றுமுன் எஞ்சின் நின்றுபோயிற்று. இளைஞர் ஒருவர் காபரேற்றரின் வாயிற் போத்தலால் பெற்றோலை ஊற்ற, மற்றொருவர் ஹான்டில் அடித்தார். எஞ்சின் இயங்கியது, பத்து விநாடியில் நின்றது. மீண்டும் ஊற்றினர், மீண்டும் நின்றது. நான்காம் முறை எஞ்சின் பின்னோக்கி வெடிக்க, வாயிலிருந்து எழுந்த தீ போத்தலைப் பற்றியது. ஊற்றியவரின் கை வெந்தது.

அங்கு வந்த முதிய சாரதி ஒருவர் கருவி எதனையும் எடுத்தாரல்லர். "தம்பி, எவ்வளவு நேரம் ஓடிப்போட்டு நிக்குது?" என்று மட்டுமே கேட்டார். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி என்பதை அறிந்ததும், காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளிருந்த மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு, எஞ்சியிருந்த பெற்றோலை அதனுள் நிரப்பினார். எஞ்சின் நிற்காது ஓடியது. சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தார். அன்று தாயும் சேயும் பிழைத்தனர். கை வெந்தவரின் தழும்பு இன்றும் உள்ளது.

குளிர் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் எரிவது எண்ணெயன்று; எண்ணெயின் ஆவியே எரிகின்றது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். சூடான எஞ்சினில் பெற்றோல் எளிதில் ஆவியாகி இவ்வளவிற் கலக்கும். குளிர்ந்த எஞ்சினிலோ அதன் பெரும்பகுதி ஆவியாகாது, உள்வழிக் குழாயின் சுவரில் துளித்துளியாய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, எரிதற்கேற்ற ஆவி கிடைக்கும்பொருட்டுப் பெற்றோலை மிகுதியாகவும் காற்றைக் குறைவாகவும் கொடுத்தல் வேண்டும். காற்றுவாயை மூடும் 'சோக்' என்னும் தகடு செய்வது இதுவே. எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் சோக்கைச் சிறிது தளர்த்துதல் வேண்டும். முழுவதும் மூடியபடி விட்டால் பெற்றோல் மிகுந்து, பிளக்குகள் கரிபடிந்து, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும்.

வன்னியில் நீர் உறையும் குளிர் இல்லையே எனச் சிலர் கேட்பர். பெற்றோலுக்கு நம்மூர்க் குளிர் பெரிதன்று. உறைநிலைக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். மார்கழி விடியலில் வன்னியின் வெப்பநிலை அதனிலும் மிகத் தாழ்ந்தது. வாயில் ஊற்றிய பெற்றோல் சில விநாடிகளில் எரிந்து தீர, பின்தொடர்ந்த மண்ணெண்ணெய் குளிர்ந்த குழாயில் ஆவியாகாது நின்றது. முதியவர் அந்தப் பத்து விநாடியில் இதனையே கண்டார்.

இது வன்னியார் மட்டும் கண்ட முறையன்று. இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டில் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்று, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறு செய்யப்பட்டது. அதனையும் பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின்னரே மற்றை எண்ணெய்க்கு மாற்றுவர். ஆங்குத் தொழிற்சாலை வகுத்த விதியை ஈங்கு நம்மவர் பட்டறிவாற் கண்டனர்.

நிற்கும் காலமும் குற்றமும்

இனி, பெற்றோலிலேயே ஓடும் லொறிக்கு வருவோம். மாணவர் இவற்றைத் தனித்தனியே மனங்கொள்ளுதல் நன்று.

முதலாவது, ஸ்ராட்டரை விட்ட கணமே எஞ்சின் நின்றுவிடல். இங்குப் பெற்றோலை ஐயுறுமுன் மின்சாரத்தை நோக்குக. ஸ்ராட்டர் சுழலும்போது கொயிலுக்கு ஒரு வழியாலும், அதனை விட்டபின் வேறொரு வழியாலும் மின் செல்லும் வண்டிகள் உள. இரண்டாம் வழி அறுந்திருப்பின் இவ்வாறு நிகழும்.

இரண்டாவது, சோக்கைத் தளர்த்தும்போது நிற்றல். இது காற்று மிகுந்தமைக்கு அடையாளம். மெதுவோட்டத்துக்குப் பெற்றோல் தரும் சிறுதுளை அடைபட்டிருக்கலாம். அல்லது காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள மூட்டுக்கள் தளர்ந்து, வேண்டாத காற்று நுழையலாம். எஞ்சின் ஓடும்போது அம்மூட்டுக்களில் எஞ்சின் எண்ணெயைச் சிறிது சிறிதாகப் பூசிப் பார்க்க. ஓசை எவ்விடத்தில் மாறுகின்றதோ அவ்விடமே ஓட்டை. இச்சோதனைக்குப் பெற்றோலைப் பயன்படுத்துதல் ஆகாது.

மூன்றாவது, அக்சிலேற்றரை மிதித்தவுடன் நிற்றல். காபரேற்றரினுள் உள்ள சிறுபம்பு, மிதிக்குந்தோறும் ஒரு பீச்சுப் பெற்றோலைத் தரவேண்டும். அதன் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருப்பின் பீச்சு வாராது. எஞ்சினை நிறுத்தி, காற்றுவடியைக் கழற்றி, உள்ளே நோக்கியபடி மிதிகோலை அசைத்தால் உண்மை தெரியும்.

நான்காவது, அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம் நன்றாக ஓடிப் பின் தளர்ந்து நிற்றல். கிண்ணத்தில் இருந்த பெற்றோல் தீர்ந்தது. புதியது வரவில்லை என்பது பொருள். பெற்றோல் பம்பு, வடி, தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத்துளை ஆகியவற்றை வரிசையாக நோக்குக.

ஐந்தாவது, கரும்புகையும் பெற்றோல் நெடியும் எழக் குமுறி நிற்றல். சோக் இறுகிவிட்டது, அல்லது மிதவையின் ஊசி தூசியாற் பிடிபட்டுக் கிண்ணம் வழிகின்றது. இந்நிலையிற் சோக்கை மேலும் இழுப்போர் பலர். நாமும் அவ்வாறு செய்து ஒருநாட் பயணத்தை இழந்ததுண்டு. சோக்கை முற்றாகத் திறந்து, பிளக்குகளைத் துடைத்துச் சற்றுப் பொறுத்தலே தக்கது.

இவற்றோடு நம்மூருக்குரிய வேறொன்றுண்டு. ஐப்பசி முதல் பெய்யும் மாரியில், எஞ்சினின் மின்மூடியும் பிளக்கு வயர்களும் ஈரங்கொள்ளும். தாங்கியின் அடியில் நீரும் தங்கும். இவை எக்காலத்திலும் நிறுத்துமாகலின், மாரியில் முதலில் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியாற் துடைத்து, கிண்ணத்தின் அடியில் நீர்மணி உருள்கின்றதா எனப் பார்த்துவிட்டே பிற சோதனைகளுக்குச் செல்க.

ஒரே வேளையில் இரண்டைத் திருத்துதல் கூடாது. ஒன்றைத் திருத்தியபின் எஞ்சினை முற்றாக ஆறவிட்டு மீண்டும் சோதித்தல் வேண்டும். சூடான எஞ்சின் குளிர்க்குற்றத்தைக் காட்டாது. ஆகலின் இது ஒரு காலைக்கு ஒரு சோதனை என்னும் பொறுமையான வேலையாகும்.

இன்றைக்கும் வேண்டிய பாடம்

காபரேற்றர் லொறிகள் அருகிவிட்டன. ஆயினும் தோட்டங்களில் நீரிறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரங்களில் அதே காபரேற்றர் உண்டு. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் அதே முறையும் உண்டு. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததையும் கண்டோம். தட்டுப்பாடு வருந்தோறும் பழைய உபாயங்கள் மீண்டும் வெளிவருகின்றன. அவற்றோடு பழைய தவறுகளும் வருகின்றன.

எனவே மாணவர் இரண்டினை மறவாதிருத்தல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்துமுன் மண்ணெண்ணெய்க் குழாயை அடைத்து, சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுக. மறுநாட் காலைக்குரிய பெற்றோல் கிண்ணத்தில் நிற்கும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யுமாதலால் அவ்வெண்ணெயையும் அடிக்கடி மாற்றுக. மற்றையது, ஒருவர் எஞ்சினைச் சுழற்ற மற்றொருவர் காபரேற்றர் வாயிற் பெற்றோல் ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. நின்றுபோன எஞ்சினை நாளையும் இயக்கலாம். வெந்த கை முன்போல் ஆகாது.

சொல்லைப் பிரிக்குமுன் அதன் பொருளை உணர்க என்று வகுப்பிற் கூறுவோம். எஞ்சினைப் பிரிக்குமுன் அது நின்ற காலத்தை உணர்க என்று இங்குக் கூறி அமைகின்றோம்.