சமையல் மேடைக் கல்லும் நம் கடைச் சரக்கும்

"சமையல் மேடை துடைக்க ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு நாம் பெரும்பாலும் கைக்கு எட்டிய புட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் என்ன கல் என்று கேட்பதில்லை. ஒரு கல்லுக்கு ஏற்ற சரக்கு மற்றொரு கல்லைக் கெடுத்துவிடும். கெட்டபின் பழி வருவது நம் கடைக்குத்தான். ஆகவே கல்லின் குணத்தை நாம் சற்றே அறிந்திருப்பது நல்லது.

கல் வகைகள்

கிருஷ்ணகிரி, மதுரைப் பக்கம் வெட்டப்படும் கிரானைட் மிகக் கடினமானது. எலுமிச்சை, புளி போன்ற சமையல் புளிப்பு அதை எளிதில் தொடுவதில்லை. ராஜஸ்தான் மக்ரானா போன்ற இடங்களிலிருந்து வரும் சலவைக்கல்லும், ஆந்திரத்துக் கடப்பா கல்லும் சுண்ணாம்புச் சத்துள்ளவை. புளிப்பு பட்டால் இவற்றின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மெருகு போய்விடும். இது அழுக்கல்ல; தேய்த்துக் கழுவினாலும் போகாது. மறுபடி பாலீஷ்தான் போடவேண்டும். எனவே இந்தக் கற்களுக்கு வினிகரோ எலுமிச்சையோ சொல்லக்கூடாது.

என்ன கல் என்று தெரியாதவரிடம், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கச் சொல்லலாம். அந்த இடம் மங்கினால் சுண்ணாம்புக் கல்.

அன்றாடப் பராமரிப்பு

எல்லாக் கல்லுக்கும் பொருந்துவது வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம், மெல்லிய துணி, பிறகு நல்ல நீரால் துடைத்து ஈரம் எடுத்தல். சொரசொரப்பான தூளும் கம்பி நாரும் சலவைக்கல்லில் கீறல் போடும். கம்பித் துணுக்கு தங்கினால் துருக்கறையும் வரும்.

எண்ணெய்க் கறைக்கு ஆப்பசோடாவைச் சிறிது நீரில் கெட்டியாகக் குழைத்துக் கறை மேல் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம் விடவேண்டும். பிறகு தாளை எடுத்து, காய்ந்தபின் துடைக்கவேண்டும். பழைய கறைக்கு இருமுறை தேவைப்படலாம்.

கல் மேல் சிறிது நீர் ஊற்றி 10 நிமிடம் கழித்துப் பார்த்தால், நீர் நின்ற இடம் கறுத்திருக்குமானால் கல் நீரை உறிஞ்சுகிறது என்று பொருள். அதற்குக் கல் சீலர் பூசவேண்டும்.

ஆசிட் விஷயம்

கழிவறைக்கான ஆசிட் கலந்த திரவத்தை மேடைக்குக் கேட்டால் கொடுக்கக்கூடாது. கிரானைட்டின் மெருகுகூட அதனால் கெடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. இதை வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

தனி ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும். வாங்கும் காரணத்தையும் கேட்டறிய வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. இருப்பைக் கணக்குக் காட்டாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நாலு புட்டி லாபத்துக்கு இந்தத் தொல்லை தேவையா என்று ஒவ்வொருவரும் யோசிக்கவேண்டும்.

துப்புரவுச் சரக்கை அரிசி, பருப்பு, எண்ணெயோடு ஒரே அலமாரியில் வைக்காமல் தனியே கீழ்த்தட்டில் வைப்போம். குடிநீர்ப் புட்டியில் எதையும் ஊற்றிக் கொடுக்கவேண்டாம்.

"உங்கள் வீட்டில் என்ன கல்?" என்று கேட்க நமக்குச் செலவில்லை. அந்தக் கேள்விக்காகவே வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைப்படி ஏறுவார்.