பழைய செல்போனைக் கைமாற்றும் முன்...

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்களின் பைகளைத் திறந்து பார்த்தால், புதுத்துணி, நேந்திரங்காய் சிப்ஸ் ஆகியவற்றோடு இப்போது இன்னொன்றும் இருக்கும். அது மகனோ மகளோ பயன்படுத்தி முடித்த பழைய ஸ்மார்ட்போன். அப்பாவுக்கோ மாமியாருக்கோ தங்கை மகனுக்கோ அது போய்ச் சேரும். ஊருக்குப் போகாத போன், எறணாகுளம் பென்டா மேனகா போன்ற கடைத் தொகுதிகளில் விலைக்குப் போகும். எந்த வழியில் போனாலும், வீட்டைவிட்டு வெளியேறும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்து அனுப்ப வேண்டும். இதைத்தான் 'ஃபேக்டரி ரீசெட்' என்கிறோம்.

நான் கொச்சி தேவராவில் குடியிருப்பவன். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும், அருகே வாத்துருத்தியில் வாழும் நம் தொழிலாளத் தோழர்களும் செல்போன் சந்தேகங்களோடு வருவதுண்டு. அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே பாடமாக எழுதுகிறேன். பொத்தானை அழுத்துவது இதில் கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்தால் போதும். வரிசை மாறினால் ஒன்று நம் நினைவுகள் போகும், அல்லது போன் பூட்டிக்கொள்ளும், அல்லது நம் ரகசியம் அந்நியர் கைக்குப் போகும்.

அழித்தது உண்மையில் அழிகிறதா?

ஒரு பெரிய புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டால் உள்ளே இருக்கும் பக்கங்கள் அப்படியேதான் இருக்கும். பொறுமையாகப் புரட்டுகிறவன் எதையும் கண்டுபிடித்துவிடுவான். மிகப் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ரீசெட் என்பது பல சமயம் இப்படித்தான் நடந்தது.

2014-இல் அவாஸ்ட் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இணையச் சந்தையில் 20 பழைய போன்களை வாங்கிச் சோதித்தது. விற்றவர்கள் அழித்துவிட்டதாக நம்பியிருந்த அந்தப் போன்களிலிருந்து 40,000-க்கும் அதிகமான புகைப்படங்களை மீட்டெடுத்தார்கள். மறு ஆண்டு, 2015-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரென்ட் சைமன், ராஸ் ஆண்டர்சன் ஆகிய இருவரும் ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலான 21 போன்களை ஆராய்ந்தார்கள். உலகில் ஏறத்தாழ 50 கோடி போன்கள் வரை தம் உள்சேமிப்பைச் சரியாகத் துடைக்காமல் இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

பிறகு நிலைமை மாறியது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, போதிய வேகமுள்ள புதிய போன்களில் தகவல்களைச் சங்கேத எழுத்தாக மாற்றி வைப்பது கட்டாயமாயிற்று. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் எல்லாப் புதிய போன்களுக்கும் அது பொருந்தும். இதை 'என்கிரிப்ஷன்' என்பார்கள். இத்தகைய போனை ரீசெட் செய்தால் அந்தச் சங்கேதத்தின் சாவி அழிந்துபோகும். இரும்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தேவராக் காயலில் எறிந்தது போலத்தான். பெட்டி இருக்கும், திறக்க வழியிராது.

ஆகவே உங்கள் போனில் எந்த ஆண்ட்ராய்டு இருக்கிறது என்பதை 'செட்டிங்ஸ்', 'அபௌட் போன்' என்று போய் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 'செக்யூரிட்டி' பகுதியில் 'என்கிரிப்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே 'என்கிரிப்ட் போன்' என்ற வசதி பல பழைய போன்களில் உண்டு. அதைக் கீழே சொல்லும் முதல் பாடம் முடிந்தபின் செய்யுங்கள். சார்ஜரில் போட்டபடியே செய்ய வேண்டும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். நடுவில் நிறுத்தக் கூடாது.

பாடம் 1: எடுத்து வைத்தல்

ரீசெட் செய்தபின் போன மச்சான் திரும்பி வரமாட்டான். ஆகவே எடுக்க வேண்டியதை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

புகைப்படங்கள்: 'எல்லாம் கூகுளில் ஏறிவிடும்' என்று பலரும் நம்பி இருக்கிறார்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டும். அதை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இடம் நிறைந்தால் படங்கள் ஏறுவது நின்றுவிடும். மேலும் வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தாமாக ஏறுவதில்லை. அந்த ஃபோல்டரை நாம் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். பேரனின் முதல் பிறந்தநாள் படங்களும் ஊர்க் கோவில் கொடைப் படங்களும் நமக்கு வந்தது வாட்ஸ்அப்பில்தானே? கேபிள் மூலம் கணினிக்கோ, பென் டிரைவுக்கோ ஒரு பிரதி எடுத்துவிடுவதே உத்தமம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'சுத்தம் செய்கிறேன்' என்று கூகுள் போட்டோஸுக்குள் படங்களை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். போனில் அழித்தது கூகுள் கணக்கிலும் அழியும். புதிய போனிலும் காணாமற்போகும். துடைக்கும் வேலையை ரீசெட் பார்த்துக்கொள்ளட்டும்.

வாட்ஸ்அப்: 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' என்று போய், கடைசியாகப் பேக்கப் ஆன தேதியைப் பாருங்கள். வீடியோக்களைச் சேர்க்க வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி தர வேண்டும். அதைத் திரும்பப் பெற அதே தொலைபேசி எண்ணும் அதே கூகுள் கணக்கும் தேவை. பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல் வைத்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள். மறந்துபோனால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. இரண்டு போன்களும் ஆண்ட்ராய்டாக, கைவசம் இருந்தால், 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' மூலம் கியூ.ஆர். கட்டத்தைக் காட்டி நேரடியாகவே மாற்றலாம்.

தொடர்பு எண்கள்: பழைய போன்களில் சில எண்கள் சிம்மிலும், சில போனிலும், சில கூகுளிலுமாகச் சிதறிக் கிடக்கும். 'கான்டாக்ட்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' செய்தால் எல்லாம் ஒரே கோப்பாகச் சேரும். அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

மற்றவை: குரல் பதிவுகள், குறிப்புகள், டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் பத்திரங்கள், சான்றிதழ்கள். குரல் பதிவை யாரும் நினைப்பதில்லை. மறைந்த பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று பழைய போனின் ரெக்கார்டரில் மட்டுமே இருந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன். நல்லவேளையாக, அழிப்பதற்கு முன் அந்த வீட்டுப் பெண் நினைவுபடுத்தினாள்.

எடுத்து வைத்தது சரியாக வந்திருக்கிறதா என்பதை வேறொரு போனிலோ கணினியிலோ திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

பாடம் 2: எண்ணும் கணக்கும்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது தனிக் கவனம் தேவைப்படும் இடம். ஊர் எண் ஒன்று, கேரள எண் ஒன்று என்று வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு, ஆதார், ஜிமெயில், வாட்ஸ்அப் ஆகியவை எந்த எண்ணோடு இணைந்திருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பழைய எண்ணைக் கைவிடுவதாக இருந்தால், அதற்கு முன்பே எல்லாவற்றையும் புதிய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். பிறகு உங்களுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

கூகுள் பே, போன்பே, வங்கிச் செயலிகள் ஆகியவற்றைப் புதிய போனில் இயக்கிப் பார்த்தபிறகு, பழைய போனில் அவற்றிலிருந்து வெளியேறுங்கள். ஓ.டி.பி. எண்களைத் தானே உருவாக்கும் 'ஆத்தென்டிகேட்டர்' செயலி இருந்தால் அதையும் புதிய போனுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது கூகுள் கணக்கு. ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு வந்தது. கணக்கை நீக்காமல், பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் அழுத்தி ரீசெட் செய்தால், போன் மீண்டும் எழும்போது முந்தைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். சொல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

வாத்துருத்தியில் வாழும் கட்டடத் தொழிலாளி ஒருவர், கண் அறுவை சிகிச்சை முடிந்த தம் தகப்பனார் வீடியோவில் முகம் பார்த்துப் பேசட்டும் என்று ஒரு போனைத் தென்காசிப் பக்கம் பாலருவி ரயிலில் கொடுத்தனுப்பினார். பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்து தந்திருந்தது ஒரு கடை. ஊரில் திறந்தபோது போன் பழைய கணக்கைக் கேட்டது. கடவுச்சொல் இவருக்கு நினைவில்லை. கணக்கில் இருந்த எண்ணோ எப்போதோ கைவிட்டது. மூன்று வாரம் போன் பரணில் கிடந்தது. அதே கணக்கு இவருடைய புதிய போனில் திறந்தே இருந்ததால், அதன் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றினோம். கடவுச்சொல் மாற்றினால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். பொறுத்து, ஊரிலுள்ள பையன் ஒருவனைக் கொண்டு திறக்கச் செய்தோம். புதிய போன் இல்லாதிருந்தால் அந்தப் பெரியவருக்கு அது கிடைக்காமலே போயிருக்கும்.

எனவே: 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' என்று போய், முதலில் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என உறுதி செய்துகொண்டு, கூகுள் கணக்கை 'ரிமூவ்' செய்யுங்கள். சாம்சங், ஷாவ்மி கணக்குகள் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். இதனால் கணக்கு அழியாது. அந்தப் போனைவிட்டு இறங்குகிறது, அவ்வளவுதான்.

பாடம் 3: அழித்தல்

1. சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள்.

2. பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். சார்ஜரிலேயே வைத்திருப்பது இன்னும் நல்லது.

3. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரீசெட் ஆப்ஷன்ஸ்', 'ஈரேஸ் ஆல் டேட்டா' என்று செல்லுங்கள். சாம்சங்கில் 'ஜெனரல் மேனேஜ்மென்ட்', 'ரீசெட்' என்றிருக்கும். பழைய போன்களில் 'பேக்கப் அண்டு ரீசெட்' என்றிருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் 'ரீசெட்' என்று தேடுங்கள்.

4. போன் தானே அணைந்து எழும்வரை கை வைக்காதீர்கள்.

ஐபோன் வைத்திருப்போர், 'செட்டிங்ஸ்' மேற்பகுதியில் உங்கள் பெயரைத் தொட்டு 'சைன் அவுட்' செய்து, 'ஃபைண்ட் மை' வசதி அணைந்ததை உறுதி செய்யுங்கள். பிறகு 'ஜெனரல்' பகுதியின் கடைசியிலுள்ள ரீசெட் வழியாக 'ஈரேஸ் ஆல் கான்டென்ட் அண்டு செட்டிங்ஸ்' கொடுங்கள். சைன் அவுட் செய்யுமுன் எண்களையும் படங்களையும் கையால் அழித்தால் ஐகிளவுடிலும் அழிந்துவிடும். கவனம்.

என்கிரிப்ஷன் வசதியே இல்லாத மிகப் பழைய போனாக இருந்தால், ரீசெட் செய்தபின், எந்தக் கணக்கும் சேர்க்காமல், கேமராவைச் சுவரைப் பார்த்து வைத்து, இடம் நிறையும் வரை வீடியோ எடுங்கள். பிறகு மீண்டும் ரீசெட் செய்யுங்கள். பழைய பக்கங்களின் மேல் புதிய எழுத்து விழும். அப்போதும் முழு உத்தரவாதம் இல்லை. இத்தகைய போனை அந்நியருக்கு விற்காமல் இருப்பதே நல்லது.

பாடம் 4: சரிபார்த்துக் கொடுத்தல்

போன் மீண்டும் எழுந்ததும் மொழியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையோடு இணைத்துப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்டால் பூட்டு இன்னும் இருக்கிறது என்று பொருள். உங்கள் கையில் இருக்கும்போதே அதைத் தீர்த்துவிடலாம். கணக்கைத் தாண்டிச் செல்ல 'ஸ்கிப்' காட்டினால் வேலை முடிந்தது. அணைத்துவிடுங்கள்.

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பதானால் அந்த எண், தேதி, வாங்குபவர் பெயர் ஆகியவற்றோடு கையெழுத்து வாங்குங்கள். பழைய போனை வாங்குவதானால், மத்திய அரசு 2023-இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைச் சோதியுங்கள். திருட்டுப் போனாக இருந்தால் தெரிந்துவிடும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். முடிந்தால் ரீசெட் செய்தே கொடுங்கள். முடியாவிட்டால் பணச் செயலிகளையாவது நீக்கிவிட்டுக் கொடுங்கள். பணம் ஏதும் பறிபோனதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மலையாளமோ தமிழோ என்று தயங்கி நாழிகை கடத்தாதீர்கள்.

ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் போன் மிகப் பழையதானால், பேசவும் முகம் பார்க்கவும் மட்டும் அது போதும். பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோன போனில் வங்கிச் செயலியை ஏற்றித் தராதீர்கள். ஆண்ட்ராய்டு 5-க்கும் கீழான போன்களில் 2025 தொடக்கத்திலிருந்து வாட்ஸ்அப் இயங்குவதில்லை என்பதையும் அனுப்பும் முன் எண்ணிப் பாருங்கள்.

எதற்கும் உதவாத போனைக் குப்பையில் வீச வேண்டாம். மின்னணுக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெருப்பருகே வைக்கவோ கூடாது.

சுருங்கச் சொன்னால்: எடுத்து வையுங்கள், திறந்து பாருங்கள், கணக்கை இறக்குங்கள், அழியுங்கள், சரிபாருங்கள். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வீட்டு அலமாரியில் ஒட்டி வைத்தால், ஊருக்குப் பை கட்டும் நாளில் பிள்ளைகளே இதைச் செய்து முடித்துவிடுவார்கள்.