வீடு மாற்ற குட்டி யானையா, வேனா?

பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் இருந்தால் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிதான் சரி. மேலே கூரை இல்லாததால் ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றலாம். வேனில் கூரை இடிக்கிறதென்று படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். அப்படிக் கொண்டுவந்தால், இறக்கி நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள். பீரோ விளிம்பில் பழைய போர்வையை மடித்து வைத்துக் கயிறு கட்டுங்கள், கயிறு அறாது. தார்ப்பாய் உண்டா என்று முன்பே கேளுங்கள். மழைக்காலத்தில் இது ரொம்ப முக்கியம்.

துணி, புத்தகம், டிவி மட்டுமென்றால் ஆம்னி, ஈகோ போன்ற மூடிய வேன் போதும். நனையாது, பூட்டவும் முடியும். பின்சீட்டைக் கழற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் மஞ்சள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது.