திரையில் விரியும் நிலப்படம்

பள்ளியில் நிலப்படம் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, தேர்வு விடைத்தாளின் பின்னால் நூலால் சேர்த்துக் கட்டிய வெற்றுப் படந்தான். கோதாவரியை நீல மையால் இழுத்து மதிப்பெண் வாங்கினோம். அப்படத்தை யார், எப்படி வரைந்தார்கள் என்று கேட்டோமில்லை. மின்னணு நிலப்படம் வகுப்பறைக்குள் வருவதன் முதற்பயன், அந்தக் கேள்வி பிறப்பதே என்பது என் கருத்து.

2005-இல் கூகுள் எர்த்தும், 2009-இல் நமது இஸ்ரோவின் புவன் தளமும் வந்தன. மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லித் தருவதுண்டு. ஒருநாள் எங்கள் ஊர்க் கண்மாயைக் கைப்பேசியில் காட்டினேன். வரைபடத்தில் கண்மாய் முழுவதும் நீலம். செயற்கைக்கோள் படத்திற்கு மாற்றினாலோ, பாதிக்கு மேல் சீமைக் கருவேலங்காடு! “இதுல எதுண்ணே நிசம்?” என்றாள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

நல்ல கேள்வி. வரைபடம், நீர் நிறைந்தால் எட்டும் எல்லையைச் சொல்கிறது. செயற்கைக்கோள் படம், ஏதோ ஒரு நாளின் நிலையைச் சொல்கிறது. அது எந்த நாள் என்று பார்த்தாக வேண்டும். பழைய ஆண்டுகளின் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். கருவேலம் கரையோரத்திலிருந்து உள்ளே இறங்கியது கண்கூடாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாத என் தந்தையார் எட்டிப் பார்த்துவிட்டு, பனைவரிசையை வைத்தே வரத்துக்காலை அடையாளம் காட்டினார். படத்தில் அதற்குக் கோடும் இல்லை, பெயரும் இல்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் விடுபட்டதை எவரும் சேர்க்கலாம். நாங்கள் சேர்த்தோம்.

ஆயினும் அட்லஸை மூட்டை கட்டிவிடலாகாது. 1:50,000 அளவையுள்ள தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர், இது மாறாது. திரையில் இரு விரல்களை விரித்தால் அளவையே மாறிவிடுகிறது. தாளில் அளந்து பழகாத பிள்ளைக்குத் திரையில் அருகும் தொலைவும் ஒன்றுதான்.

மற்றொன்று, திரைப்படங்கள் பலவற்றுக்கு அடிப்படையான மெர்கேட்டர் கோட்டுச்சட்டம். 1569-இல் கடலோடிகளுக்காக வகுக்கப்பட்ட இதில் திசை பிழைபடாது, பரப்புப் பிழைபடும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் நம் ஊர்களில் நீளம் மூன்று விழுக்காடுகூட மிகாது. அதனால் நமக்கு ஐயமே எழுவதில்லை. 60 பாகையில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு! கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழப் பதினான்கு மடங்கு பெரியது. இதை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். திரைக்கு அருகில் ஒரு பூகோள உருண்டையை வைத்தாலே போதும்.

கணினி அறை இல்லாத பள்ளிக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்கலாம். ஆசிரியரின் கைப்பேசி ஒன்று போதும். மீதி வேலை வெளியில்தான் இருக்கிறது. 1802-இல் லாம்டன், பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்துதான் மாபெரும் முக்கோண அளவீட்டைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகள் கண்மாய்க்கரையைக் காலடியால் அளந்து, திரையில் வரும் நீளத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துவரவில்லை. கரையின் வளைவுகளைத் திரையில் நேர்கோடாக இழுத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தவள், முன்பு கேள்வி கேட்ட அதே சிறுமி.