ஆட்டைக் கொன்றது எது?

தென்காசி வட்டாரத்தில் கடையம், சிவசைலம், வடகரை, மேக்கரை என்று மலையடிவார ஊர்களில், விடியும்போது பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால் யாரும் காயத்தைப் பார்ப்பதில்லை. மலையைக் கைகாட்டுகிறார்கள். ஆடுதான் பலருக்குக் கைமுதல், கோபம் நியாயமானது. ஆனால் குற்றவாளி மாறிவிட்டால் அடுத்த ஆடும் போகும்.

நம்பிக்கை: ஓநாய்க் கூட்டம் மலையிறங்கி வந்துவிட்டது.

உண்மை: ஓநாய் வறண்ட வெட்டவெளியிலும் புதர்க்காட்டிலும் வாழ்வது. குற்றாலம் மலையின் ஈரக்காடு அதன் இடமல்ல. இங்கே கூட்டமாக வேட்டையாடுவது செந்நாய். செம்பழுப்பு உடம்பு, அடர்ந்த கறுப்பு வால். ஒன்றையொன்று சீழ்க்கையடித்துக் கூப்பிடும். பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் மிளாவையும் புள்ளிமானையும் துரத்தும். காட்டுக்குள் மேயப்போன ஆடு, கன்று சில சமயம் அதனிடம் சிக்கும். ராத்திரி ஊருக்குள் வந்து பட்டி தாண்டுவது அதன் வழக்கமல்ல. வெள்ளையர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு.

அப்படியானால் ராத்திரி வந்தது எது? செத்த ஆட்டிடமே கேட்கலாம். தொண்டையில் ஆழமான பல் துளைகள், உடலை இழுத்துப்போன தடம் இருந்தால் பெரும்பாலும் சிறுத்தை. பின்னந்தொடையும் வால்பக்கமும் கண்டபடி குதறப்பட்டு, நாலைந்து ஆடுகள் செத்தும் கறி அப்படியே கிடந்தால் தெருநாய்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஊருக்குள் திரியும் நாயைச் சந்தேகிக்க நமக்கு மனசு வருவதில்லை.

நம்பிக்கை: ஊரோரம் வரும் சிறுத்தை ஆட்டுக்காகத்தான் வருகிறது.

உண்மை: மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்கிடையே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தார்கள். நாயைப் போல ஏழு மடங்கு ஆடுகள் இருந்த ஊர்ப்புறம் அது. சிறுத்தை தின்ற இரையின் எடையில் நாய் 39 சதவீதம், ஆடு 11 சதவீதம்தான். ஆட்டை ராத்திரியில் அடைக்கிறோம், நாயை அடைப்பதில்லை. இங்கே குற்றாலச் சாரல் காலத்தில் நாம் கொட்டும் எச்சில் இலையும் கோழிக்கடைக் கழிவும் நாய்களைப் பெருக்கும். நாய் பெருகிய இடத்துக்குச் சிறுத்தை வருவதில் என்ன ஆச்சரியம்?

நம்பிக்கை: கூண்டு வைத்துப் பிடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

உண்மை: 2024 மே மாதம் பாபநாசம் அருகே வேம்பையாபுரத்தில் சிறுத்தை கூண்டில் சிக்கியபோது நம் பக்கமும் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகாராஷ்டிராவின் ஜுன்னாரில் 2001 முதல் சிறுத்தைகளைக் கூண்டில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதத் தாக்குதல் 17 ஆக ஏறியது. பழகிய இடத்தைவிட்டுத் தூக்கிப்போன சிறுத்தை அலைகிறது. காலியான இடத்துக்கு இன்னொன்று வருகிறது.

கூண்டு கேட்டு மனுக்கொடுக்கும் ஊர்கள் பட்டிக்குக் கூரையும் கம்பிவலையும் போட மானியம் கேட்கட்டும். வலை மேலேயும் மூட வேண்டும்; வெறும் முள்வேலியைச் சிறுத்தை தாண்டிவிடும். ஆடு செத்தால் உடலை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள். காயத்தைப் படமெடுத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லுங்கள். வனவிலங்கு கொன்றது என்று உறுதியானால்தான் வனத்துறையின் இழப்பீடு கிடைக்கும்.